அல்சூரிலிருந்து மைசூருக்கு ஒரு ஞாயிறு

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதல் நாள் லால்பாக், இரண்டாம் நாள் கமர்ஷியல் ஸ்ட்ரீட், மூன்றாம் நாள் மைசூர். இருபது வருஷமாக இதுதான் முறை. நாத்தனார், சித்தப்பா குடும்பம், தர்மபுரி சம்பந்தி என்று எல்லோரையும் கூட்டிப் போய் வந்தாயிற்று. கால் வலியோடு திரும்பியவர்களும் உண்டு, சண்டையோடு திரும்பியவர்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: ஒரே நாளில் போய் வருவதென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். இரவு 7 மணியை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஞாயிறன்றும் அரசு விடுமுறை நாள்களிலும் அரண்மனைக்கு விளக்குப் போடுவது அந்த நேரத்தில்தான். ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பல்புகள் ஒன்றாக எரியும். ஒரு மணி நேரத்துக்குள் அணைத்தும் விடுவார்கள். ஒரு தடவை பேராசைப்பட்டு, சாயங்காலம் கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் போய் பிருந்தாவனத்தில் நீரூற்றும் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது அரண்மனை இருட்டாக நின்றது. மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இரண்டுக்குமே இருட்டினால்தான் அழகு, ஒரே ராத்திரியில் இரண்டும் ஆகாது. செய்தியில் முழு நீர்மட்டம் 124.8 அடி, 124.8 அடி என்று கேட்டுக் கேட்டு அந்த அணையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு ரயில்தான் என் கட்சி. 2023ல் திறந்த விரைவுச் சாலையில் காரில் சீக்கிரம் போய்விடலாம், சரி. ஆனால் பைக்குக்கு அதில் இடமில்லை, சர்வீஸ் ரோடுதான். தவிர, அது ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிற சாலை. காலையில் சாதாரண எக்ஸ்பிரஸ் ஒன்றில் ஏறினால் ராமநகரத்துப் பாறைகள், சன்னபட்டணம் என்று வரிசையாக வரும். மத்தூர் வடையும் பெட்டிக்குள்ளேயே வரும். அரிசி மாவு, ரவை, மைதா, வெங்காயம் போட்டுத் தட்டிப் பொரித்தது. நம் தட்டைக்கும் வடைக்கும் நடுவில் ஒரு ஜாதி. வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மைசூருக்குச் சற்று முன்னால் ரயில் காவிரியைத் தாண்டும். அதுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே இருப்பவர் ஆதி ரங்கர், நம் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் அந்திய ரங்கர். காரில் வருகிறவர்கள் மட்டும் இறங்குங்கள். இறங்கினால் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரையும் விட்டுவிட வேண்டாம். 1780ல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையைத் தோற்கடித்த சண்டையை அங்கே சுவர் நிறைய வரைந்து வைத்திருக்கிறார்கள்.

மைசூரில் இறங்கியதும் வெயில் ஏறுவதற்குள் சாமுண்டி மலை. சிட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து 201ஆம் நம்பர் பஸ் மேலே போகும். தரிசனம் முடிந்ததும் படிக்கட்டு வழியாக இறங்குங்கள், ஏற வேண்டாம். ஆயிரம் படி என்று பெயர். மேலிருந்து முந்நூறு சொச்சம் இறங்கினால் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் செய்தது. முட்டி வலிக்காரர்கள் நந்தி வரைக்கும் வண்டியிலேயே வரலாம், சாலை இருக்கிறது.

மதியம் தேவராஜ மார்க்கெட். மைசூர் மல்லிகை, கொழுந்து வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம், குங்குமக் குவியல் எல்லாம் உண்டு. பக்கத்துச் சயாஜி ராவ் ரோட்டில், மைசூர் பாகை முதலில் கிளறியவர் என்று சொல்லப்படும் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வம்சத்தார் நடத்தும் குரு ஸ்வீட்ஸ் இருக்கிறது. கடை சின்னது, கூட்டம் பெரியது. ஆட்டோக்காரர் ஒருவர் இருபது ரூபாய்க்கு ஊரையே சுற்றிக் காட்டுகிறேன் என்றால் ஏறாதீர்கள். நாங்கள் ஏறி, ஒரு பட்டுக் கடையிலும் ஓர் ஊதுபத்திக் கடையிலும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கமிஷன் அங்கே.

மூன்றரைக்கு அரண்மனைக்குள் நுழைந்துவிட வேண்டும், 5.30க்கு மூடுவார்கள். செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும், பிள்ளைகளுக்கு சாக்ஸ் போட்டுவிடுங்கள். முன்பிருந்த மர அரண்மனை 1897ல் ராஜ வீட்டுக் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. ஹென்றி இர்வின் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1912ல் முடிந்தது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் உள்ள சிவப்புக் கலைக்கூடமும் அவர் கைவண்ணம்தான். கல்யாண மண்டபத்தில் தலையை நிமிர்த்திப் பாருங்கள், கூரை முழுக்க வண்ணக் கண்ணாடியில் மயில்கள். தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்த வார்ப்பிரும்பு. பட்டது போதும், இனி மரமே வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ! தசராவில் யானை சுமக்கும், தங்கத் தகடு போர்த்திய 750 கிலோ அம்பாரியையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அதே தசரா நாள்களில் தினமும் விளக்கு உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னால் ஆகாது.

வெளியே வந்து காபி குடித்துவிட்டு, ஆறரைக்கே முகப்புக்கு நேரே இடம் பிடித்து உட்காருங்கள். போனைக் கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள், முதல் நொடி போட்டோவில் விழாது.

திரும்ப பஸ்தான் வசதி, இரவு வெகுநேரம் வரை கிடைக்கும். மைசூர் ரோடு சேட்டிலைட் ஸ்டாண்டில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ, ஊதா வழியில் நேராக அல்சூர். கடைசி வண்டி போயிருந்தால் ஆட்டோவோடு பேரம் பேச வேண்டியதுதான். மைசூர் பாக் டப்பாவை மட்டும் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். எங்களுடைய இரண்டு கிலோ டப்பா ஒரு தடவை எங்களை இறக்கிவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டது.