கல்சுபாய் ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மழை தொடங்கியதும் மும்பையில் தாராவி, செம்பூர், முலுண்டு என்று நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கல்சுபாய் பேச்சு வந்துவிடும். 1,646 மீட்டர், மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம். அருகிலேயே பண்டார்தரா ஏரி. காலையில் சிகரம், மாலையில் ஏரி என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். நல்ல திட்டம்தான். ஆனால் பலரும் உச்சியைத் தொட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த அடிகளும் சுளுக்குகளும் பெரும்பாலும் இறங்கும்போது வந்தவை.

தவறு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஞாயிறு காலை எழுந்து லோக்கல் ரயில் பிடித்தால், மும்பை சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து கசாரா போகவே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அங்கிருந்து இகத்புரி, கோட்டி வழியாக ஜீப்பில் மலையடிவாரத்துப் பாரி கிராமம் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். முந்தைய இரவே கிளம்புங்கள். கல்யாணில் ரயில் பாதை பிரிகிறது, தூக்கக் கலக்கத்தில் கர்ஜத் வண்டியில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

பாரியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 800 மீட்டர் ஏற்றம். 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது மலையேறிப் பழகியவர்களுக்கான கணக்கு, ஓய்வெடுக்கும் நேரம் அதில் சேராது. வாரம் முழுக்க நாற்காலியில் இருக்கும் நமக்கு ஏற நான்கு மணி நேரம், இறங்க மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே சரி. எந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்புவது என்பதைக் கீழேயே பேசி முடித்துவிடுங்கள். "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று மேலே யாராவது சொன்னால் மறுக்க மனம் வராது.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும், அதில் ஒரு லிட்டர் இறங்குவதற்கு. வழியில் லிம்பு பானி (எலுமிச்சை ஜூஸ்) கிடைக்கும் என்று நம்பி வெறும் கையோடு வருகிறார்கள். சனி, ஞாயிறுகளில் கிராமத்தார் கடை போடுவார்கள், வார நாட்களில் அந்த நம்பிக்கை வேண்டாம். என் அத்தை மகன் உச்சியில் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டான். பாதி இறக்கத்தில் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்தவனை இரண்டு பேர் தாங்கி நடத்திக் கூட்டிவந்தோம். ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் இரண்டு இருந்திருந்தால் அன்று உதவியிருக்கும். சாப்பாட்டுக்குப் புளியோதரையோ பொடி தடவிய இட்லியோ தாங்கும், தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும்.

செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் இருக்கின்றன. திருவண்ணாமலைப் பக்கத்துப் பர்வதமலை ஏறியவர்களுக்கு ஏணி புதிதல்ல. ஆனால் இங்கே மழைக்காலக் காற்று ஆளையே தள்ளும். குடை வேண்டாம், உடம்போடு ஒட்டிய மழைக்கோட்டு போதும். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் பிடித்து இறங்குங்கள். போன் பையில் இருக்கட்டும். தேய்ந்த ஷூவோடு வராதீர்கள், பாசி படிந்த பாறையில் அது நிற்காது. நனைந்த ஜீன்ஸ் காலைக் கட்டிப்போட்டதுபோல் இழுக்கும். கடல்மட்ட மும்பையைவிட உச்சியில் ஏறத்தாழ 10 டிகிரி குளிர் கூடுதல், காற்றும் சேர்ந்தால் நடுங்கிவிடுவீர்கள்.

ஏரியை மேலிருந்து பார்க்கவேண்டும் என்பவர்கள் ஜூலையில் போனால் பெரும்பாலும் வெள்ளை மூட்டம்தான் தெரியும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் போங்கள். ஏரி நிறைந்திருக்கும், சரிவெல்லாம் மஞ்சள் சோன்கிப் பூ. அந்த மாதங்களில் இடி உண்டு. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் முழக்கம் கேட்டால் மேலே ஏறாதீர்கள், உச்சியில் இருந்தால் உடனே இறங்கத் தொடங்குங்கள். தலைக்குமேல் இடி வந்தபின் இரும்பு ஏணியில் இருக்கக்கூடாது.

அப்புறம் ஏரி. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பண்டார்தராவில் இருப்பது பிரவரா ஆற்றின் குறுக்கே கட்டி 1926-இல் முடித்த வில்சன் அணையின் நீர்த்தேக்கம். ஊர்க்குளம்போல் படிப்படியாக ஆழமாகாது. முழங்கால் தண்ணீரில் நிற்பவர் அடுத்த அடியில் மூழ்கிவிடலாம், அடியில் சேறு வேறு. ஏழு மணி நேரம் நடந்த கால் குளிர்ந்த தண்ணீரில் பிடித்துக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் தவிப்பார். கரையில் உட்கார்ந்து பாருங்கள், முகம் கழுவுங்கள், நீந்த இறங்காதீர்கள்.

சொந்தக் காரில் போகிறவர்கள் இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் ஏறி இறங்கி, மாலையில் நாசிக் நெடுஞ்சாலையில் கசாரா மலைச்சாலையை ஓட்டி வருகிறார்கள். எங்கள் குழுவில் கார் ஓட்டுகிறவர் மலை ஏறமாட்டார். பாரியில் தூங்கிவிட்டு, மதியம் பிட்லாவும் (கடலைமாவுக் குழம்பு) பாக்ரியும் (தானிய ரொட்டி) சாப்பிட்டு எங்களுக்காகக் காத்திருப்பார். அடுத்த முறை ஏறுவது அவர் முறை, ஓட்டுவது வேறொருவர்.