நூறு கோடி ஃபாலோயர் என்றால் நூறு கோடி பேரா?

2024 செப்டம்பரில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோ தன்னைப் பின்தொடர்பவர்கள் நூறு கோடியைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார். உலகில் எட்டில் ஒருவர் அவர் பக்கம் என்று கணக்குப் போடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இன்ஸ்டாகிராம், பேஸ்புக், எக்ஸ், யூடியூப், சீனத் தளங்கள் என எல்லாவற்றையும் கூட்டி வந்த தொகை அது. நான்கு ஆப்பிலும் அவரைத் தொடரும் ஒரே ஆள் அதில் நான்கு தலை. ஒரு வீரரின் ஆன்லைன் செல்வாக்கை அளக்கும்போது பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான். தளங்களைத் தனித்தனியாகவே வைத்துப் பாருங்கள்.

மொத்த ஃபாலோயர் எண்ணிக்கை பழைய சரக்கும்கூட. எப்போதோ ஃபாலோ பண்ணிவிட்டு மறந்துபோனவர்கள், போலிக் கணக்குகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். ஏற்ற இறக்கம்தான் பேசும். 2023இல் மெஸ்ஸி வந்ததும், சுமார் பத்து லட்சம் பேர் தொடர்ந்துகொண்டிருந்த இன்டர் மயாமி கால்பந்து கிளப்பின் இன்ஸ்டாகிராம் பக்கம் சில வாரங்களில் ஒரு கோடியைத் தாண்டியது.

ஒரு பெயரை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில்தான் தவறுகள் அதிகம். அதில் 100 என்று வந்தால் நூறு தேடல் என்று அர்த்தமில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில், இடத்தில் தொட்ட உச்சம் 100. மற்றதெல்லாம் அதை ஒப்பிட்டு வருவது. ஆகவே ஒரு வரைபடத்தில் ரொனால்டோவுக்கு 60, வேறொன்றில் மெஸ்ஸிக்கு 60 என்று பார்த்துவிட்டு 'இருவரும் சமம்' என்று எழுதினால் அது தப்பு. இருவரையும் ஒரே வரைபடத்தில் போட வேண்டும். அப்புறம், வெறுமனே 'ரொனால்டோ' என்று அடித்தால் பிரேசிலின் பழைய ரொனால்டோவைத் தேடியவர்களும் சேர்ந்து வருவார்கள். கீழே விரியும் பட்டியலில் 'கிறிஸ்டியானோ ரொனால்டோ' என்ற முழுப் பெயரும் 'கால்பந்து வீரர்' என்ற குறிப்பும் இருக்கும் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். வேறு மொழிகளில் தேடியதும் அதில் அடங்கும். இன்னொன்று: காலவரம்புக்குள் 2022 டிசம்பர் இருந்தால், உலகக் கோப்பை உச்சத்துக்குப் பக்கத்தில் மெஸ்ஸியின் மற்ற மாதங்கள் தரையோடு ஒட்டிப்போகும்.

லைக்கிலும் இதே சிக்கல். உலகக் கோப்பையோடு மெஸ்ஸி இன்ஸ்டாகிராமில் போட்ட பதிவு ஏழு கோடி லைக்குகளைத் தாண்டியது. அதைச் சேர்த்து சராசரி எடுத்தால் எதற்கும் உதவாது. கடைசி முப்பது பதிவுகளை லைக் வரிசையில் அடுக்கி, நடுவில் நிற்பதை எடுங்கள்.

பெயர் அடிபடுவதெல்லாம் புகழா? 2021 ஜூலை 11, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் சாகா, ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ மூவர் மீதும் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. பெயர் எத்தனை முறை வந்தது என்று மட்டும் எண்ணும் கருவிக்கு அதுவும் செல்வாக்குதான்! கொஞ்சம் பதிவுகளையாவது கண்ணால் படித்துப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

கணக்கே இல்லாதவர்களை என்ன செய்வது? உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் டி'ஓர் விருதை 2024இல் வென்ற ஸ்பெயின் வீரர் ரோட்ரி நெடுங்காலம் சமூக வலைத்தளங்கள் பக்கமே வராமல் இருந்தவர். இவரைப் போன்றவர்களுக்கு விக்கிப்பீடியா பக்கப் பார்வைகள் கைகொடுக்கும். 2015 ஜூலையிலிருந்து நாள்வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் ஸ்பானியப் பக்கத்தையும் சேருங்கள். இங்கே தாராளமாகக் கூட்டலாம், எண்ணுவது பார்வைகளைத்தானே, ஆட்களை அல்லவே.