ஹைக்கூ ஏறியது, கணினி எழவில்லை

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டில் அண்ணனின் பழைய மடிக்கணினி மூலையில் கிடந்தது. 2 ஜிபி நினைவகம்தான், தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் 2001 முதல் ஆர்வலர்கள் உருவாக்கிவரும் ஹைக்கூ என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பார்த்தேன். 2024 செப்டம்பரில் வந்த ஐந்தாவது பீட்டா (சோதனைப் பதிப்பு) அது.

ஒப்புதல் பெற்ற மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் 'செக்யூர் பூட்' வசதியை அணைத்ததும் பென்டிரைவிலிருந்து அழகாகக் கிளம்பியது. வட்டில் நிறுவ சில நிமிடங்களே ஆயின. பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால், பூட் ஆக வட்டு இல்லை என்றது! இரண்டு முறை திரும்ப நிறுவினேன், அதே கதை.

அப்புறம்தான் புரிந்தது. யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள கணினிகளில் ஹைக்கூவின் நிறுவி துவக்கியை, அதாவது இயங்குதளத்தை ஏற்றும் சிறு கோப்பை, தானாக வைப்பதில்லை. அதை நாமேதான் வைக்க வேண்டும்.

ஹைக்கூவின் வட்டுப் பிரிப்புக் கருவியான டிரைவ்செட்டப்பில், வட்டை ஜிபிடி என்ற பகிர்வு முறைக்கு மாற்றினேன் (எல்லாம் அழிந்துவிடும், அண்ணனின் படங்களை முன்பே எடுத்து வைத்திருந்தேன்). துவக்கியை வைக்க 64 எம்பியில், ஃபேட்32 என்ற கோப்பு முறையில், இஎஃப்ஐ பகிர்வு ஒன்று, மீதி ஹைக்கூவுக்கு. நிறுவி முடித்ததும் அந்தச் சிறு பகிர்வில் 'இஎஃப்ஐ', அதற்குள் 'பூட்' என்று அடைவுகள் உருவாக்கி, ஹைக்கூவின் துவக்கிக் கோப்பை 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற பெயரில் அங்கே நகலெடுத்தேன். இந்தப் பெயர்தான் உயிர்நாடி. வேறு பெயர் வைத்தால் கணினி தானாகத் தேடி எடுக்காது.

பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி தொடங்கினேன். சின்னங்கள் வரிசையாக ஒளிர்ந்தன, ராக்கெட் வரை வந்தது, திரை விரிந்தது. உடனே அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.