ஐபி, ஏ லெவல் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: புதுச்சேரி, கடலூர் குடும்பங்களுக்கு

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சர்வதேசப் படிப்புகளான ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியா) டிப்ளமோ, பிரிட்டிஷ் முறை ஏ லெவல் ஆகியவற்றில் சேரும் பிள்ளைகளுக்கு நேரும் பெரிய தவறு, சேரும்போது பாடம் தேர்ந்தெடுக்கிற படிவத்திலேயே நடந்துவிடுகிறது. அதைச் சரிசெய்யத்தான் அப்புறம் இரண்டு வருடம் அல்லாடுகிறார்கள்.

ஜிப்மர் இருக்கிற ஊர் புதுச்சேரி. பல வீடுகளில் டாக்டர் கனவு உண்டு. 2020 முதல் ஜிப்மருக்கும் நீட்தான் வழி. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ஐபியில் ஆறு பாடம். இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், கணிதம், அப்புறம் ஒரு கலைப்பாடம். கலைப்பாடத்துக்குப் பதிலாக இன்னொரு அறிவியலை எடுக்கலாம். அப்படியும் இரண்டுதான் ஆகிறது. மூன்றாவது அறிவியல் வேண்டுமென்றால், வழக்கமான அமைப்பிலிருந்து விலக்குக் கேட்டுப் பள்ளிதான் ஐபி அமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் இதைப் பேசிவிடுங்கள். பாதி வருடம் போன பிறகு கேட்டால் பயனில்லை.

பிரெஞ்சு லிசேயில் (பிரெஞ்சு முறை மேல்நிலைப் பள்ளி) பக்கலோரியா, அதாவது பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். கடைசிக்கு முந்தைய வருடம் மூன்று சிறப்புப் பாடங்கள், கடைசி வருடம் இரண்டுதான். எதை விடுவது என்பதை, பிடிக்காத பாடத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. எந்தக் கல்லூரிக்குப் போகப் போகிறோம் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கணிதத்திலும் கவனம் தேவை. ஐபியில் 2019 முதல் கணிதம் இரண்டு வகை. ஒன்று பகுப்பாய்வு சார்ந்தது, இன்னொன்று பயன்பாடு சார்ந்தது. சுலபமாக இருக்கும் என்று பயன்பாட்டுக் கணிதத்தைக் கீழ்நிலையில் (ஸ்டாண்டர்ட் லெவல்) எடுத்துவிட்டு இன்ஜினியரிங் போக நினைத்தால் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்காது.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துகிற பழக்கம் நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் வெகுகாலமாக இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பெற்றோர், முதல் வருடம் லேசானது என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்கள். இங்கே அது நடக்காது. ஏ லெவலை இரண்டு கட்டமாக எழுதினால், முதல் வருட முடிவில் எழுதும் ஏஎஸ் தேர்வின் மதிப்பெண் இறுதி கிரேடில் பாதி. ஐபியில் இரண்டு வருடப் பாடமும் கடைசித் தேர்வில் வரும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் பிரிட்டன் மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது இறுதித் தேர்வு நடந்திருக்காது என்பதால், பிள்ளை என்ன கிரேடு வாங்கும் என்று ஆசிரியர் கணித்து அனுப்பும் எதிர்பார்ப்பு கிரேடு பெரும்பாலும் முதல் வருட உழைப்பை வைத்தே அமையும்.

விடை எழுதும் முறையை மாற்றாததுதான் அடுத்த தவறு. புக் பேக் கேள்வியை மனப்பாடம் செய்த கை, தெரிந்த எல்லாவற்றையும் கொட்டிவிடும். இங்கே ‘விவரி’ வேறு, ‘விளக்கு’ வேறு, ‘மதிப்பிடு’ வேறு. விவரிக்கச் சொன்னால் என்ன நடந்தது என்றால் போதும். விளக்கச் சொன்னால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், மதிப்பெண் திட்டத்தையும் தேர்வாளர் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள். இதற்கு இணையான டியூஷன் எனக்குத் தெரிந்து இல்லை.

ஐபியின் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரைக்கு ‘இந்தியாவில் கடலரிப்பு’ போன்ற தலைப்பு வேண்டாம். அதில் சொந்தமாகச் சொல்ல எதுவும் மிஞ்சாது. துறைமுகம் கட்டியபின் மணலை இழந்த புதுச்சேரிக் கடற்கரையில், செயற்கைத் தடுப்பு அமைத்த இடத்தில் மட்டும் மணல் எப்படித் திரும்பியது என்று கேளுங்கள். நடந்து போய் அளக்கலாம், பழைய படங்களோடு ஒப்பிடலாம். கடலூர்ப் பிள்ளைக்குத் தலைப்பாகச் சிப்காட் ஓரத்து நிலத்தடி நீர் இருக்கிறது.

கடைசியாக, காலண்டர். ஐபி முடிவு ஜூலை முதல் வாரம். மே-ஜூனில் எழுதிய ஏ லெவலுக்கு ஆகஸ்ட். அதற்குள் இங்கே சேர்க்கை பாதி முடிந்திருக்கும். ஏ லெவல் நடத்தும் கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியம் இந்தியாவுக்காக நடத்தும் மார்ச் தேர்வின் முடிவு மே மாதமே வந்துவிடும். உங்கள் பள்ளி அதற்குப் பதிவு செய்கிறதா என்று கேளுங்கள். ஐபியில் ஏழுக்கு ஆறு, பக்கலோரியாவில் இருபதுக்கு பதினான்கு என்ற மதிப்பெண்ணை நீங்களாகவே சதவீதமாக்காதீர்கள். பக்கலோரியாவில் 14 என்பது ‘நன்று’ என்ற தகுதி. அதை 70 சதவீதம் என்று எழுதினால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். சேரப்போகும் கல்லூரி எந்தக் கணக்கில் மாற்றுகிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.