ஈஸ்ட் செல்லின் சாயலை வைத்து மருந்தின் இலக்கைப் பிடிப்பது

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: செல்லைச் சாகவிடாதீர்கள். செத்த செல்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், அதில் படிக்க ஒன்றுமில்லை. வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படுகிற அளவுக்கு மருந்து போதும்.

ஒரு மருந்து ஒரு புரதத்தை முடக்கினால், அந்தப் புரதம்தான் அதன் இலக்கு. அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய செல்லின் சாயல், அதாவது வடிவமும் தோற்றமும், மருந்து பட்ட செல்லிலும் வரும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோஷிகாசு ஓயா குழு ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு நீக்கிய 4,718 ஈஸ்ட் வகைகளைப் படமெடுத்து, வகைக்கு 501 வடிவ அளவுகள் கணக்கிட்டு 2005இல் வெளியிட்டது. நம் செல்லின் எண்களை அந்த அட்டவணையோடு ஒப்பிடுகிறோம்.

30 டிகிரியில் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்களை எடுங்கள். மருந்து கொடுத்தபின் ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, செல்சுவர், ஆக்டின் (செல்லின் உள் சட்டகப் புரதம்), டிஎன்ஏ மூன்றுக்கும் தனித்தனிச் சாயம் போடுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் 200 செல்லாவது வேண்டும்.

கண்ணை நம்ப வேண்டாம். ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து பட்ட ஈஸ்ட்டைப் பாருங்கள்: தாய்செல்லில் பெரிய மொட்டு (பிரியப்போகும் மகள்செல்), பிரியாத ஒற்றை உட்கரு. பெனோமில் என்ற இன்னொரு மருந்து பட்ட செல்லும் அப்படியேதான் தெரியும். ஆனால் முதலாவதில் டிஎன்ஏ நகலெடுப்பே தடைப்பட்டு நிற்கிறது. இரண்டாவதில் நகலெடுத்து முடிந்துவிட்டது, இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள்தான் இல்லை. அதனால் உட்கருவில் டிஎன்ஏ சாயத்தின் மொத்த ஒளிர்வை அளந்தால் பெனோமில் செல்லில் அது கூடுதலாக இருக்கும். இந்த வித்தியாசத்தை முதன்முதலில் எண்ணில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு ஞாபகமே வரவில்லை. மொட்டில்லாத செல்லை மொட்டில்லாத செல்லோடும், மொட்டு வந்ததை மொட்டு வந்ததோடும் மட்டும் ஒப்பிடுங்கள். கலந்தால் இதெல்லாம் மறைந்துபோகும்.

இன்னொன்று. மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால், மருந்தில்லாத மாதிரிக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ சேருங்கள். நான் வெறும் ஊடகத்தோடு ஒப்பிட்டு, கரைப்பானின் விளைவை மருந்தின் விளைவென்று நம்பி ஒரு வாரத்தை இழந்திருக்கிறேன்.

எக்கினோகேண்டின் என்ற பூஞ்சை மருந்துக்கு, செல்சுவர் கட்டும் எஃப்கேஎஸ்1 மரபணு மாதிரி, இலக்கு மரபணுவை நீக்கியும் செல் பிழைக்குமானால் இந்த ஒப்பீடு நேரடியாகக் கைகொடுக்கும். நீக்கினால் செல்லே பிழைக்காத மரபணு அந்த 4,718இல் கிடையாது. அப்போது அதே பாதையில் வேலை செய்யும் மரபணுக்கள்தான் பட்டியலின் மேலே வரும். அங்கிருந்து இலக்கை ஊகிக்க வேண்டும்.

எப்படியானாலும் பட்டியலில் முதலாவது வந்ததையே இலக்கு என்று எழுதிவிடாதீர்கள். சந்தேகப்படும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை இழந்த இரட்டைமய (ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக உள்ள) ஈஸ்ட்டை அதே மருந்தில் வளர்த்துப் பாருங்கள். சாதாரண ஈஸ்ட் தாங்குகிற அளவிலேயே அது தடுமாறினால், அடுத்த சோதனைக்குப் போகலாம்.