கத்துவதை நிறுத்திய பிறகு என் தரம் 9

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 9, இடைவேளை முடிந்து வரும் பாடவேளை என்றாலே தலைவலிதான், பின் வாங்கில் ஒருவன் மேசையைத் தட்டுவான், நான் கத்துவேன், அவன் முறைப்பான், அப்புறம் வகுப்பே அவன் பக்கம்.

மூளையைப் பற்றி வாசித்தபோதுதான் பிழை என்னிடமும் இருப்பது புரிந்தது. அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர 25 வயதளவு ஆகிவிடும். பயமும் பதற்றமும் ஏறினால் அதன் வேலை இன்னும் குறையும். 14 வயதுப் பையனை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு நிதானமாக இரு என்றால் எப்படி?

இப்போது பக்கத்தில் போய் நின்று மெதுவாக, "தம்பி, மணி அடித்ததும் கதைப்போம்" என்பேன். கதைத்தபோதுதான் தெரிந்தது, அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவாராம், பல நாள் வெறும் பிளேன்டீயோடு வந்திருக்கிறான். அதற்கு மூளை விஞ்ஞானம் எதற்கு, என் ரொட்டியில் பாதி போதும்.

இன்னொன்று, தொடங்கியதும் கொப்பியை மூடச் சொல்லி நேற்றைய பாடத்தில் மூன்று கேள்வி. புள்ளி கிடையாது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது பாடப்பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் முதல் வாரம் முனகினார்கள். மூன்றாம் வாரம் மேசை தட்டினவனே, "சேர், இன்றைக்குக் கேள்வி இல்லையா?" என்றான். பத்து நிமிடம் போகிறது, பாடத்திட்டம் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் இன்னும் சரிவரவில்லை.