வண்டி வழியில் நின்றால், விவரங்களைச் சிந்தாதீர்கள்

போன தை மாதம் நீடாமங்கலம் தாண்டி ராத்திரியில் எங்கள் கார் நின்றுவிட்டது. ஒரு பக்கம் சாலையிலேயே நெல் காய்கிறது, மறுபக்கம் வாய்க்கால். பதற்றத்தில் இணையத்தில் முதலில் கிடைத்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் வண்டி நிற்கும் இடத்தைக்கூடக் கேட்கவில்லை, கார்டு எண்ணைத்தான் கேட்டார். உடனே வைத்துவிட்டேன்.

இப்படி மாட்டாமலிருக்க, சாலையோர உதவி எண்ணை உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியிலிருந்து எடுத்து இன்றே போனில் பதியுங்கள். அந்த உதவி பாலிசியில் இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துப் போவார்கள் என்பதையும் பாருங்கள். விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் போன்ற தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் இடம் புரிந்துவிடும்.

உதவி எண்ணில் பேசுபவர் ஓடிபி கேட்டால், குறுஞ்செய்தி முழுவதையும் படியுங்கள். பணம் எடுப்பதைப் பற்றியது என்றால் யாருக்கும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் 8 மணி நேரம்வரை ஓடும். நிற்கிற வண்டிக்கு அது எதற்கு? அந்த இடத்தை மட்டும் ஒருமுறை அனுப்பினால் போதும்.

அப்புறம், காரின் திரையும் நிறைய ஞாபகம் வைத்திருக்கும்: புளூடூத்தில் இணைத்த போனின் தொடர்புகள், அழைப்புகள், வீட்டு முகவரி. ஒர்க்‌ஷாப்பில் விடும்முன் போன் இணைப்பை அழித்துவிடுங்கள். விற்கும்போது ஃபேக்டரி ரீசெட் செய்து, கார் கம்பெனியின் செயலியிலிருந்து வண்டியை நீக்கி, ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள். பழைய கார் வாங்குபவர்களும், முந்தைய உரிமையாளரின் செயலியில் வண்டி இன்னும் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இருந்தால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவரால் பார்க்க முடியலாம்.